குதிரைப் பண்ணை விடுமுறை: எந்த வீட்டுக்கு எது கட்டுப்படியாகும்?

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் கோடை விடுமுறைப் பேச்சு எடுத்தாலே பிள்ளைகள் பக்கமிருந்து வரும் கோரிக்கைகளில் குதிரையும் ஒன்று. டிஸ்னி பார்த்தாயிற்று, கடற்கரை பார்த்தாயிற்று, அடுத்து மேற்கே போய் ஒரு பண்ணையில் தங்கிக் குதிரை ஏற வேண்டும் என்கிறார்கள். பெற்றோர் ஒரு பண்ணையின் கட்டணப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறார்கள். நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்குப் பத்தாயிரம் டாலர் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனால் அந்தப் பத்தாயிரம் ஒன்றுதான் வழி என்று இல்லை. எல்லாம் அடங்கிய ஒரு வாரப் பண்ணை, டெக்சஸில் இரண்டு மூன்று இரவு தங்கும் பண்ணை, கொலராடோவில் ஒய்.எம்.சி.ஏ. நடத்தும் மலை முகாம், தேசியப் பூங்காவிலோ மாநிலப் பூங்காவிலோ கேபின் எடுத்துக்கொண்டு மணிக்கணக்குச் சவாரி என்று நான்கு வழிகள் இருக்கின்றன. செலவு ஒன்றுக்கொன்று மூன்று, நான்கு மடங்குகூட மாறும். எது மலிவு என்று தேடும் முன், உங்கள் வீட்டில் எத்தனை பேர் தினமும் எத்தனை மணி நேரம் குதிரைமேல் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். பத்து வயது மகள் தினமும் ஏறுவாள், ஏழு வயது மகன் முதல் நாள் ஏறுவான், அப்பாவுக்கு முதுகு வலி, அம்மா படம் எடுப்பார் என்பதுதான் நிலவரம் என்றால், வாரப் பண்ணைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வீண்.

எல்லாம் அடங்கிய ஒரு வாரம்

வயோமிங், மொன்டானா, கொலராடோ மாநிலங்களில் 'டூட் ராஞ்ச்' என்று சொல்லப்படும் விருந்தினர் பண்ணைகள் பெரும்பாலும் வாரக் கணக்கில்தான் இடம் தருகின்றன. ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்தால் சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குதிரை, குதிரைகளைப் பார்த்துக்கொண்டு சவாரிக்குக் கூட வரும் ராங்லர், பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சிகள், மீன்பிடிப்பு, இரவில் தீ மூட்டிப் பாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. ஈட்டன் சகோதரர்கள் மூவர் வடக்கு டகோட்டாவில் மெடோரா அருகே பண்ணை நடத்திவந்தார்கள். கிழக்கு ஊர்களிலிருந்து நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் வந்து வாரக்கணக்கில் தங்க ஆரம்பித்தார்கள். விருந்தோம்பலின் செலவு கையைக் கடித்த நேரத்தில், 1882இல் வந்த ஒரு விருந்தாளி தங்குவதற்குப் பணம் தருவதாகத் தாமே சொன்னார். அது அப்படியே தொழிலாகிவிட்டது. 1904இல் அவர்கள் வயோமிங்கில் ஷெரிடன் அருகே வுல்ஃப் என்ற இடத்துக்குப் பண்ணையை மாற்றினார்கள். இன்றும் அங்கே ஆட்கள் போய்த் தங்குகிறார்கள். 1926இல் இதுபோன்ற பண்ணைக்காரர்கள் கூடி 'டூட் ராஞ்சர்ஸ் அசோசியேஷன்' என்ற சங்கமும் அமைத்தார்கள். பண்ணை தேடும்போது அந்தச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து தொடங்குவது நல்லது. 'ராஞ்ச்' என்று பெயர்ப்பலகை வைத்து, குதிரையே இல்லாமல் அறை மட்டும் வாடகைக்கு விடும் இடங்களும் நிறைய இருக்கின்றன.

இப்போது கணக்கு. ஆடம்பரம் இல்லாத ஒரு பண்ணையில் பெரியவர்களுக்குத் தலைக்கு 2,200 டாலர், பிள்ளைகளுக்கு 1,700 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 7,800. இதோடு வரியும், பண்ணை ஆட்களுக்கான அன்பளிப்பும் சேரும். அன்பளிப்பு மட்டுமே 15 சதவீதம் என்று பல இடங்களில் பில்லிலேயே போட்டுவிடுகிறார்கள். இரண்டும் சேர்த்து 20 சதவீதம் என்று பிடித்தால் 9,360. விமானம், வாடகைக் கார் தனி.

தொகையாகப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். சவாரி நேரமாகப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் தெரியும். காலையில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம் என்று ஐந்து நாள் ஏறினால் தலைக்கு 20 மணி நேரம், நான்கு பேருக்கு 80 மணி நேரம். வெளியே லாயத்தில் ஒரு மணி நேரச் சவாரிக்கு 75 டாலர் என்றால், அந்த 80 மணி நேரத்துக்கே 6,000 டாலர் ஆகிவிடும். மீதி 3,360 டாலரை ஆறு இரவுக்குப் பிரித்தால் நான்கு பேருக்கு அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் ஒரு நாளைக்கு 560 டாலருக்குக் கிடைக்கின்றன. மலிவு இல்லை, ஆனால் அநியாயமும் இல்லை. அதே குடும்பத்தில் இரண்டு பேர் மட்டும் ஏறினால் சவாரியின் மதிப்பு 3,000 ஆகக் குறைந்துவிடும். அப்போது நீங்கள் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஓர் இரவுக்கு 1,060 டாலர் கொடுக்கிறீர்கள். அந்தக் காசுக்கு நகரத்தில் ஐந்து நட்சத்திர ஹோட்டலிலேயே தங்கலாம்.

வயது வரம்பு அடுத்த விஷயம். பெரும்பாலான பண்ணைகள் காட்டுப் பாதைச் சவாரிக்கு 6 அல்லது 7 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கின்றன. அதற்குக் கீழே இருந்தால் வேலிக்குள் ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கொண்டு நடக்க, பிள்ளை சுற்றி வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதுவே பெரிய சந்தோஷம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தோஷத்தை உங்கள் ஊர்ப் பக்கத்து லாயத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் சில்லறைக் காசுக்கு வாங்கிவிடலாம். கடைசிப் பிள்ளைக்கு எட்டு வயது ஆகும் வரை வாரப் பண்ணையைத் தள்ளிப் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அப்படியானால் அந்த ஒரு வாரத்தில் வேறு எங்கும் கிடைக்காதது என்ன? ஒரே குதிரை. முதல் நாள் ராங்லர் பிள்ளையின் உயரம், எடை, பயம் மூன்றையும் பார்த்து ஒரு குதிரையைக் கொடுப்பார். சனிக்கிழமை வரை அது அந்தப் பிள்ளையின் குதிரை. என் மகளுக்குக் கிடைத்தது பழுப்பு நிறத்தில் ஒரு வயசான பெண் குதிரை. திங்கட்கிழமை முழுக்க அது நினைத்த இடத்தில் நின்று புல் மேய்ந்தது. தலையைச் சடாரென்று கீழே இறக்கும்போது கடிவாள வாரோடு சேர்ந்து இவளும் முன்னால் இழுபடுவாள், சேணத்தின் கொம்பைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்ப்பாள். ராங்லர் பெண் பக்கத்தில் வந்து, "தலை இறங்கின பிறகு இழுக்காதே, காது முன்னால் சாயும்போதே குதிகாலால் தட்டு" என்று சொல்லிக்கொடுத்தார். புதன்கிழமை அந்தக் குதிரை புல்லைப் பார்த்தது, இவள் தட்டினாள், அது நடந்துவிட்டது. வியாழக்கிழமை வாரை ஒரே கையில் பிடித்துக்கொண்டு திருப்பினாள். மேற்கத்திய முறையில் பழக்கப்பட்ட குதிரை கழுத்தில் வார் உரசினாலே புரிந்துகொண்டு திரும்பும். ஒரு பிள்ளை ஒரு மிருகத்தைப் புரிந்துகொள்வது இந்த வேகத்தில்தான் நடக்கும். ஒரு மணி நேர டிக்கெட்டில் இது நடக்காது.

காசைக் குறைக்க ஒரே நல்ல வழி, தேதியை மாற்றுவதுதான். வடக்கு மாநிலங்களில் சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜூலைதான் உச்சம். ஜூன் முதல் பாதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் பல பண்ணைகள் கட்டணத்தைக் குறைக்கின்றன. டெக்சஸ் பள்ளிகள் மே கடைசியிலேயே மூடிவிடுவதால் ஜூன் முதல் வாரம் அங்கே இருப்பவர்களுக்குத் தோது. நியூ ஜெர்சி, நியூ யார்க் பக்கம் பள்ளி ஜூன் கடைசி வரை ஓடும், ஆகஸ்ட் கடைசிதான் அவர்களுக்குச் சரி. ஜூன் தொடக்கத்தில் பனி உருகும் நேரம் என்பதால் உயரமான பாதைகள் திறந்திருக்காது, ஓடைகளில் வேகம் இருக்கும், காலையில் ஜாக்கெட் இல்லாமல் வெளியே வர முடியாது. புதிதாக ஏறுபவர்களுக்குக் கீழ்ப் பாதைகளே போதும் என்பதால் இதில் பெரிய நஷ்டம் இல்லை. செப்டம்பரில் மலிவாகத் தெரியும் வாரங்களைப் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள், பல பண்ணைகள் அந்த மாதத்தைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுகின்றன.

டெக்சஸின் பண்டேரா

சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே சுமார் 50 மைலில் பண்டேரா என்ற சின்ன ஊர். 'உலகின் கவ்பாய் தலைநகரம்' என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. சுற்றிலும் விருந்தினர் பண்ணைகள். அவற்றில் டிக்ஸி என்ற பண்ணை 1901இல் தொடங்கப்பட்டது, 1937 முதல் விருந்தினர்களை ஏற்கிறது. வடக்குப் பண்ணைகளைப் போல வாரம் முழுக்கப் பிடித்து வைக்காமல் இரண்டு, மூன்று இரவுக்கும் இங்கே இடம் கிடைக்கும். ஆஸ்டினிலிருந்து இரண்டரை மணி நேரம், ஹூஸ்டனிலிருந்து நான்கு மணி நேரம், டாலஸிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. விமானச் செலவு இல்லை.

பெரியவர்களுக்கு ஓர் இரவுக்கு 190 டாலர், பிள்ளைகளுக்கு 110 என்று வைத்து, இரண்டு இரவுக்கு நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் 1,200. மேலே 20 சதவீதம் சேர்த்தால் 1,440. சாப்பாடும் சவாரியும் இதில் அடங்கும். எத்தனை சவாரி என்பது பண்ணைக்குப் பண்ணை மாறும், அதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சிலர் ஒரு இரவுக்கு ஒரு சவாரி என்பார்கள், சிலர் காலையும் மாலையும் கூட்டிப் போவார்கள். இரவுக் கட்டணத்தில் இருபது டாலர் குறைவாக இருக்கும் இடம் கடைசியில் அதிகச் செலவு வைப்பது இதனால்தான்.

பண்டேராவுக்குக் கோடை ஏற்ற காலம் இல்லை. ஜூலையில் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், பத்து மணிக்கு மேல் சேணத்தில் உட்கார்ந்தால் பிள்ளைகள் வாடிவிடுவார்கள். மார்ச் ஸ்பிரிங் பிரேக், இல்லையென்றால் நவம்பர் தேங்க்ஸ்கிவிங் வாரம் நல்ல தேர்வு. மார்ச் கடைசியில் போனால் சாலை ஓரமெல்லாம் புளூபானெட் என்ற நீலக் காட்டுப்பூ பூத்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மலைப்பகுதியில் வெள்ளம் கண்மூடித் திறப்பதற்குள் வரும். 2025 ஜூலை 4 அன்று பக்கத்துக் குவாடலூப் ஆற்றில் வந்த வெள்ளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின, அதில் முகாமுக்குப் போன சின்னப் பிள்ளைகளும் உண்டு. ஆற்றங்கரைக் கேபின் பார்க்க அழகாக இருந்தாலும், மேட்டில் இருக்கும் கேபினாகக் கேட்டு வாங்குங்கள். இரவில் போனில் வானிலை எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள்.

பண்ணைச் சாப்பாட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேற்கே எங்கே போனாலும் மாட்டிறைச்சிதான் பிரதானம். சைவம் என்று சொன்னால் பீன்ஸ் தருவார்கள், அந்த பீன்ஸில் பேக்கன் போட்டிருப்பார்கள். "மாமிசம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. பேக்கன், பன்றிக் கொழுப்பு, எலும்பு வேகவைத்த தண்ணீர் எதுவும் கூடாது என்று பட்டியல் போட்டு, முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் அனுப்புங்கள். பெரும்பாலான சமையல்காரர்கள் சங்கடப்படாமல் தனியாகச் செய்து கொடுக்கிறார்கள், முன்கூட்டித் தெரிந்தால் போதும் அவர்களுக்கு. பக்கத்து ஊரில் காய்கறிக் கடைகூடச் சின்னதாகத்தான் இருக்கும் என்பதால் அன்றைக்குப் போய்ச் சொன்னால் அவர்களால் முடியாது. மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடாதவர்களுக்குப் பிரச்சினை குறைவு, கோழி எல்லா இடத்திலும் கிடைக்கும். கூடவே ஒரு பாட்டில் ஊறுகாய், கொஞ்சம் பருப்புப் பொடி கொண்டு போனால் வீட்டுப் பெரியவர்கள் வாழ்த்துவார்கள்.

ஒய்.எம்.சி.ஏ. முகாம்: பலர் கவனிக்காமல் விடும் வழி

கொலராடோவில் ஒய்.எம்.சி.ஏ. ஆஃப் த ராக்கீஸ் என்ற அமைப்புக்கு இரண்டு பெரிய இடங்கள் இருக்கின்றன. ஒன்று எஸ்டஸ் பார்க்கில், ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவின் எல்லையை ஒட்டி. இன்னொன்று வின்டர் பார்க், கிரான்பி ஊர்களுக்கு நடுவே இருக்கும் ஸ்னோ மவுண்டன் ராஞ்ச். இரண்டுமே டென்வரிலிருந்து சுமார் இரண்டு மணி நேர ஓட்டம். டென்வருக்கு எல்லா ஊரிலிருந்தும் விமானம் இருப்பதால் டிக்கெட் விலை வயோமிங்கின் ஜாக்சன், மொன்டானாவின் போஸ்மன் போன்ற சின்ன விமான நிலையங்களைவிடப் பெரும்பாலும் குறைவு.

எனக்கு இந்த வழிமேல் தனிப் பிரியம் உண்டு. காரணம், குதிரை ஏறுபவரும் ஏறாதவரும் ஒரே இடத்தில் சந்தோஷமாக இருக்கலாம். கேபினில் சமையலறை இருக்கிறது. வில்வித்தை, மினி கோல்ஃப், நீச்சல், கைவினை, நடைபாதை என்று தங்குகிறவர்களுக்கு ஒரு நாளை நிறைக்க நிறைய இருக்கிறது, அதில் பலவற்றுக்குத் தனிக் காசு இல்லை. குதிரைக்கு மட்டும், ஏறுகிறவருக்கு மட்டும், ஏறுகிற மணிக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். முதுகு வலிக்காரரின் பங்கை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

ஆறு இரவுக்குக் கேபின் 300 டாலர் வீதம் 1,800. மளிகையும், இரண்டொரு வேளை வெளிச் சாப்பாடும் சேர்த்து 600. நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு சவாரி, 80 டாலர் வீதம் 640. மொத்தம் 3,040. வாரப் பண்ணையின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து பெரிய கேபின் எடுத்தால் இன்னும் குறையும்.

சமையல் பொருள் எடுத்துப் போகிறவர்கள் குக்கரை மறக்காதீர்கள். ஸ்னோ மவுண்டன் ராஞ்ச் கடல் மட்டத்திலிருந்து 8,700 அடியை ஒட்டி இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை ஒரு மணி நேரம் வைத்தாலும் மலராது, சோறு வெளியே குழைந்து நடுவில் அரிசியாக நிற்கும். குக்கரில் வைத்து வீட்டில் விடுவதைவிட ஒரு விசில் கூடுதலாக விட்டால் சரியாக வரும். அங்கே காலையில் பனி விலகும் நேரத்தில் கேபின் வாசலில் சுடச்சுட ரசம் சோறு சாப்பிடுவதற்கு ஈடாகப் பண்ணைச் சாப்பாட்டுக் கூடத்தில் எதுவும் இல்லை.

அந்த உயரம் உடம்பையும் பார்க்கும். முதல் நாள் தலைவலி, மூச்சு வாங்குவது, தூக்கம் வராமை எல்லாம் சகஜம். போன அன்றைக்கே சவாரி போட வேண்டாம். தண்ணீர் நிறையக் குடித்து, ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு அடுத்த நாள் ஏறுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு ரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்காக எஸ்டஸ் பார்க்கைத் தேர்வு செய்வதில் அர்த்தம் இருக்கிறது, அது சில நூறு அடி தாழ்வு. காரில் உட்கார்ந்தபடியே எல்க் மான் கூட்டத்தையும் பார்க்கலாம்.

இதில் குறை இல்லாமல் இல்லை. இங்கே நீங்கள் வாங்குவது மணிக்கணக்குச் சவாரி. பத்துப் பன்னிரண்டு குதிரைகள் ஒன்றின் வாலைப் பார்த்து ஒன்றாக, தினமும் போகும் அதே பாதையில் நடக்கும். உங்கள் குதிரைக்கு உங்கள் கட்டளை தேவையே இல்லை, முன்னால் போகும் குதிரை நின்றால் அதுவும் நிற்கும். முதன்முறை ஏறுபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. ஏற்கெனவே சவாரி பழகும் பிள்ளைக்கு இரண்டாவது மணி நேரத்திலேயே சலித்துவிடும்.

பூங்காக் கேபின்கள்

தேசியப் பூங்கா வழி, ஊர் பார்ப்பதுதான் முக்கியம், குதிரை கூடுதல் இனிப்பு என்று நினைக்கிற குடும்பங்களுக்கு. யெல்லோஸ்டோனில் ரூஸ்வெல்ட் பகுதியில் லாயம் இருக்கிறது, மாலையில் குதிரையிலோ குதிரை வண்டியிலோ போய்ப் புல்வெளியில் சாப்பிட்டு வரும் ஏற்பாடும் உண்டு. வண்டி இருப்பதால் தாத்தா பாட்டியும் கைக்குழந்தையும் கூடவே வரலாம். அங்கே விறகடுப்பு வைத்த, குளியலறை பொதுவாக இருக்கிற எளிய கேபின்கள் பூங்காவுக்குள் கிடைக்கும் மலிவான கூரைகளில் ஒன்று. ஓராண்டுக்கு முன்பே முன்பதிவு திறந்து, வேகமாக நிறைந்துவிடும். சவாரிக்கு 8 வயதும் 48 அங்குல உயரமும் கேட்கிறார்கள். பிள்ளை எட்டு வயதாகியும் குள்ளமாக இருந்தால் வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துவிட்டுப் போங்கள், அங்கே போய் அழ விட வேண்டாம். கூட்டமும் செலவும் குறைய வேண்டுமானால் தெற்கு டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்கா நல்ல மாற்று. அங்கே புளூ பெல் என்ற இடத்தில் லாயமும் கேபின்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன, ஆயிரத்துக்கு மேற்பட்ட காட்டெருமைகள் திரிகின்றன, மவுண்ட் ரஷ்மோர் கொஞ்ச தூரம்தான். செலவு ஒய்.எம்.சி.ஏ. கணக்கை ஒட்டி வரும், கார் ஓட்டம் மட்டும் கூடும். வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் தேசியப் பூங்காக்களுக்குக் குடும்பத்தோடு இலவச நுழைவுச் சீட்டு உண்டு, அந்த வருடத்தை விட்டுவிடாதீர்கள்.

அரிசோனாவின் டூசான், விக்கன்பர்க் பக்கப் பண்ணைகளுக்குச் சீசன் தலைகீழ், அக்டோபர் முதல் மே வரை. நமக்குப் பள்ளி லீவு கிடைக்கும் கிறிஸ்துமஸ் வாரமே அங்கே விலை உச்சத்தில் இருப்பதால், குறைந்த செலவு என்ற கணக்கில் இது சேராது.

பணம் கட்டும் முன்

எடை வரம்பைப் பற்றிக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை, இது குதிரையின் முதுகு சம்பந்தப்பட்டது. சேணத்தையும் சேர்த்து, குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது பொதுவான அளவு. ஆயிரம் பவுண்டு குதிரை என்றால் 200 பவுண்டு, அதில் மேற்கத்தியச் சேணமே 30, 40 பவுண்டு இருக்கும். தங்கள் குதிரைகளின் எடையைப் பொறுத்துப் பல லாயங்கள் 200 முதல் 250 பவுண்டுக்குள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. பெரிய உடம்புக்காரர்களுக்காகக் கனமான குதிரைகளை வைத்திருக்கும் பண்ணைகளும் உண்டு, முன்பே கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

தலைக்கவசம் கட்டாயம். பெரியவர்கள் தொப்பி போதும் என்பார்கள், விடாதீர்கள். சைக்கிள் ஹெல்மெட் இதற்காகச் செய்யப்பட்டது இல்லை, குதிரைச் சவாரிக்கென்று சான்றளித்த ஹெல்மெட்டையே கேட்டு வாங்குங்கள். பூட்ஸ் வாங்கச் செலவு செய்ய வேண்டாம். கொஞ்சம் குதிகால் உயரம் வைத்த, விரல் மூடிய எந்த ஷூவும் போதும். குதிகால் எதற்கென்றால், கால் அங்கவடிக்குள் நழுவிப் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். அதே காரணத்துக்காக அடிப்பக்கம் ஆழமாகப் பள்ளம் வெட்டிய மலையேற்ற ஷூக்களும் வேண்டாம். ஜீன்ஸ்தான் சரி, சுடிதாரோ லெக்கிங்ஸோ போட்டு ஏறினால் முழங்கால் உள்பக்கம் ஒரு மணி நேரத்தில் உரிந்துவிடும்.

கையெழுத்துக் கேட்கும் தாளை ஒரு முறை படியுங்கள். டெக்சஸ், கொலராடோ உட்படப் பெரும்பாலான மாநிலங்களில், குதிரையின் இயல்பான நடத்தையால் ஏற்படும் விபத்துக்குப் பண்ணை பொறுப்பில்லை என்று சட்டமே இருக்கிறது, லாய வாசலில் பலகையும் மாட்டியிருப்பார்கள். அதனால் உங்கள் மருத்துவக் காப்பீடு அந்த மாநிலத்தில் செல்லுமா என்று பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவின் பயணக் காப்பீட்டில் குதிரைச் சவாரி விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்களுக்கு வண்டிச் சவாரியே போதும்.

எந்த வழி எடுத்தாலும், கிளம்பும் முன் உள்ளூர் லாயத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வகுப்பு போட்டுப் பாருங்கள். முதல் வகுப்பில் குதிரை டிராட் என்ற துள்ளு நடையில் குலுக்க ஆரம்பித்ததும் பிள்ளை சிரிக்கிறதா, இறங்க வேண்டும் என்கிறதா என்று தெரிந்துவிடும். சிரிக்கிற பிள்ளை எட்டு வயதைத் தாண்டியிருந்து, வீட்டில் இன்னும் இரண்டு பேராவது தினமும் ஏறத் தயார் என்றால் ஜூன் முதல் வாரத்துக்கு வயோமிங் பண்ணையைப் பிடியுங்கள், ஒரு வருடம் சேர்த்து வைத்தாவது. டெக்சஸில் இருக்கிறீர்கள், பிள்ளைக்குப் பிடிக்குமா என்று இன்னும் தெரியவில்லை என்றால் பண்டேராவில் இரண்டு இரவு. தாத்தா பாட்டி, ஐந்து வயது, பத்து வயது எல்லாம் ஒரே காரில் என்றால் யோசிக்கவே வேண்டாம், எஸ்டஸ் பார்க்.

ஜூன் வாரத்துக்கு ஜனவரியிலேயே போன் செய்யுங்கள், மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சேணத்தில், ஏறாதவருக்குத் தனிக் கட்டணம் உண்டா, வரியும் அன்பளிப்பும் சேர்த்து முழுத் தொகை எவ்வளவு, முன்பணத்தை எந்தத் தேதி வரை திருப்பித் தருவார்கள் என்று கேளுங்கள். ஏறாதவருக்குக் குறைந்த கட்டணம் சில பண்ணைகளில் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டணப் பக்கத்தில் போடுவதில்லை, கேட்கிறவர்களுக்குத்தான் சொல்கிறார்கள்.